ஆறாம் படியும் நான் மறந்த பீமும்

எங்கள் வீட்டுப் படிக்கட்டுக்கு அளவு போட்டது நான்தான். இப்போது சுலபமாக எழுதிவிட்டேன். நான்கு வருடம் இந்த ஒரு வாக்கியத்தை என் வாயிலிருந்து யாராலும் வாங்க முடியவில்லை.

நான் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீடு விழுப்புரத்தில். காலையில் ரயிலைப் பிடித்துப் போய், சாயங்காலம் கிடைக்கிற பஸ்ஸில் தொற்றிக்கொண்டு வருகிறவள். என் கணவர் விழுப்புரத்திலேயே மோட்டார் பம்ப் கடை வைத்திருக்கிறார். அதிகம் பேசாதவர். உயரம் ஐந்தடி பத்து அங்குலம். நான் செருப்போடு சேர்த்து ஐந்தடி. கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட எங்கள் இரண்டு தலையும் ஒழுங்காக ஒரே சட்டத்துக்குள் வராது.

வீடு கட்ட ஆரம்பித்தபோது இஞ்சினியர் போட்டுக் கொடுத்த வரைபடத்தில் படிக்கட்டு வெளியே, கிழக்குச் சுவரை ஒட்டி இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. அந்தப் பக்கத்துச் சந்தில் கறிவேப்பிலையும் செம்பருத்தியும் வைக்கவேண்டும் என்று ஆசை. அதோடு, ஹாலுக்குள்ளிருந்து மாடிக்கு ஏறிப் போகிற வீடு என்றால் ஒரு கெத்து என்று என் மனதில் எப்படியோ பதிந்திருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து கிராஃப் பேப்பர் கொண்டுவந்து நானே புதிதாக வரைந்தேன். மேலே என் அறை பெரிதாக இருக்கவேண்டும் என்பதற்காகப் படிக்கட்டு ஏறுகிற திறப்பைக் கொஞ்சம் சுருக்கினேன். வரைந்து முடித்ததும் அதன் அழகைப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டைக் கட்டிய மேஸ்திரி கூட்டேரிப்பட்டுக்காரர். என் வயதுதான் இருக்கும். காதில் பென்சில் செருகியிருப்பார். பழைய மொபெட்டில் வருவார். என் தாளை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, மரியாதையாகச் சொன்னார்.

"டீச்சரம்மா, ஆறாவது படியாண்ட தலை இடிக்குங்க. படியை வெளியிலயே போட்டுக்கலாம்."

கணக்கு டீச்சரிடம் கணக்கு தப்பு என்றால் என்ன ஆகும்? சிமென்ட் மூட்டைக் காகிதத்தைக் கிழித்து, அவருடைய பென்சிலையே வாங்கி, அவர் கண்ணெதிரே போட்டுக் காட்டினேன். தரையிலிருந்து தளம் பத்தடி. ஒரு படி ஏழு அங்குலம். ஆறு படி நாற்பத்திரண்டு அங்குலம், அதாவது மூன்றரை அடி. பத்தில் மூன்றரை போக ஆறரை அடி. ஆறரை அடி ஆள் எங்கள் இரண்டு பேர் வம்சத்திலும் கிடையாது.

அவர் பார்த்தார். "கணக்கு சரிதாங்க. ஆனா மேல பீமு..." என்று ஆரம்பித்தார்.

நான் முடிக்க விடவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சில் பேச்சு எழுந்தால் ஒரு கையசைவில் நிறுத்துவேன். அதே கையசைவு. அவர் பென்சிலை வாங்கிக் காதில் செருகிக்கொண்டு போய்விட்டார். இருந்தாலும் என் மனசாட்சிக்காக வீட்டுக்கு வந்து இன்னும் இரண்டு தடவை சரிபார்த்தேன். இரண்டு தடவையும் ஆறரை அடியே வந்தது. விட்டுப்போன ஒன்று விட்டுப்போனதாகவே இருந்தால், நூறு தடவை சரிபார்த்தாலும் அதே விடைதான் வரும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

தளம் போட்டு, முட்டுக் கொடுத்திருந்த பலகையெல்லாம் பிரித்த அன்று நானும் கணவரும் பார்க்கப் போனோம். அவர் முதலில் ஏறினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று என் மனதுக்குள் பெருமையோடு எண்ணிக்கொண்டே பின்னால் போனேன். ஆறில் தேங்காய் உடைத்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

என்னாச்சு என்றேன். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "ஒண்ணுமில்ல. பீம் நல்லா உறுதியா இருக்குது," என்றார்.

ஹாலின் குறுக்கே தளத்தைத் தாங்கிப் போகிற பீம், தளத்துக்குக் கீழே ஓர் அடி இறங்கி நின்றது. படிக்கட்டின் திறப்பை நான் சுருக்கிய இடம் சரியாக அதன் கீழே. அவர் கடைக்குப் போன பிறகு டேப்பை எடுத்து நானே அளந்தேன். ஐந்தரை அடி. ஆறரையில் ஒன்று போய்விட்டது. நான் ஏறி நின்று பார்த்தேன். என் தலைக்கு மேலே அரை அடி பாக்கி இருந்தது. எனக்கு இடிக்கவே இல்லை.

அங்கேதான் வினை. இடித்திருந்தால் அன்றைக்கே வாயைத் திறந்திருப்பேன். பூச்சு வேலைகூட ஆரம்பிக்காத நேரம். படிகளை ஒரே வாரத்தில் கொத்தி எடுத்திருக்கலாம். ஆனால் மேஸ்திரியிடம் போய் நின்று, நீங்கள் சொல்ல வந்ததை நான் சொல்லவிடவில்லை என்று எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். பூச்சு முடிந்தது. டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது. வெள்ளையடித்து, புதுமனை புகுவிழாவுக்குப் பத்திரிகையும் கொடுத்தாகிவிட்டது.

அந்த விழாவில்தான் விஷயம் முற்றியது. என் கணவரின் அண்ணன் திண்டிவனத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். ஆறடி மனிதர். குரலும் ஆறடி. மாடியைப் பார்க்கிறேன் என்று வேகமாக ஏறியவர், ஆறாம் படியில் இடித்த இடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "இந்தப் படிக்கு அளவு எடுத்தது யாரு?" என்று அங்கிருந்தே கேட்டார். பந்தியில் உட்காரக் காத்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எதிர் வீட்டு அக்காவும் தட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"மேஸ்திரி அளவைத் தப்பா வெச்சிட்டாருங்க, மாமா," என்றேன் நான்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அதற்கு முன் மூன்று நொடி யோசித்தேன். அந்த மூன்று நொடி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மேஸ்திரியும் அன்று வந்திருந்தார். நாங்கள் வைத்துக்கொடுத்த வேட்டி துண்டை வாங்கிக்கொண்டு சாப்பிட்டுவிட்டு, பின்பக்கம் இருப்பார் என்று நினைத்தேன். காதில் விழுந்திருக்காது என்றும் நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்த வருடங்களில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களுடைய உயரத்தை எனக்குத் தனியாகக் கேட்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். லேசான உரசல் என்றால் ஐந்தடி ஆறு. 'டக்' என்றால் எட்டு. இணையக் கம்பி இழுக்க வந்தவர் இரண்டு தடவை இடித்துக்கொண்டார், ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. கம்பியை வெளியிலிருந்தே இழுத்துக்கொள்கிறேன் என்று ஏணி கேட்டார்.

நான் சும்மா இருக்கவில்லை. முதலில் பீமின் மேல் தெர்மோகோல் ஒட்டினேன். அது ஒவ்வொரு தலைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து, வருகிறவர்கள் முடியில் அட்சதை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டது. அப்புறம் ஒரு தத்துவம் கண்டுபிடித்தேன். மாடிக்குப் போகிறவர்கள் பணிவோடு குனிந்து போகவேண்டும் என்பதற்காகத்தான் இப்படி வைத்திருக்கிறோம் என்று சொல்ல ஆரம்பித்தேன். வகுப்பில் ஜாதகம், வாஸ்து எல்லாம் நம்பக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்கிற நான், என் வீட்டுக்கு வந்தவர்களிடம் வாஸ்துவையும் கொஞ்சம் கலந்துவிட்டேன். கடைசியில் மயிலம் போய்வந்தபோது வாங்கிய முருகன் படத்தைப் பீமின் முகப்பில் மாட்டினேன். சாமியைப் பார்த்ததும் யாரும் தலையைத் தாழ்த்துவார்கள் அல்லவா?

தாழ்த்தவில்லை. சாமி முகத்தை நன்றாகப் பார்க்க ஒரு படி கூடவே ஏறினார்கள். என்னோடு வேலை பார்க்கும் அறிவியல் டீச்சர் ஒருநாள் வந்து, முருகன் மேலேயே முட்டிவிட்டு, வலியைக்கூடக் கவனிக்காமல் கன்னத்தில் போட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். முருகனுக்குப் பதில் நான் அல்லவா மன்னிப்புக் கேட்கவேண்டும்? காபி போட்டுக் கொடுத்தேன்.

இத்தனையிலும் என் கணவர் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல் மாதம் அடிக்கடி இடித்துக்கொண்டார். பிறகு குறைந்தது. பிறகு நின்றே போனது. அவருக்குப் பழகிவிட்டது, பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திண்டிவனத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். மண்டபத்தில் சாப்பாடு மாடியில். அகலமான படிக்கட்டு, ஒரே நேரத்தில் பத்துப் பேர் ஏறலாம். மேலே பீமும் இல்லை, ஒன்றும் இல்லை. கூரையே இரண்டு ஆள் உயரத்தில் இருந்தது. என் கணவர் எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தார். நடுவில் திடீரென்று முழு உடம்பையும் மடக்கி, தலையைத் தோளுக்குள் இழுத்து, பெரிதாக ஒரு குனிவு குனிந்தார். ஒரு படி தாண்டியதும் நிமிர்ந்து சாதாரணமாக ஏறினார்.

பக்கத்தில் வந்த ஒருவர், ஏதாவது கீழே விழுந்துவிட்டதா என்று விசாரித்தார். என் கணவருக்கு அவர் எதைக் கேட்கிறார் என்றே புரியவில்லை.

எனக்குப் புரிந்தது. நின்று, கீழேயிருந்து எண்ணிப் பார்த்தேன். ஆறாவது படி.

சாப்பிட்டுவிட்டு இறங்கும்போதும் அதே இடத்தில் குனிந்தார். அந்தக் கல்யாணச் சாப்பாட்டில் என்ன பரிமாறினார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஐந்தடி பத்து அங்குல மனிதர் ஒருவரை, மேலே ஒன்றுமே இல்லாத இடத்திலும் குனிகிறவராக ஆக்கி வைத்திருக்கிறேன் என்பதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. சிரிப்பும் வந்தது. சிரிக்கவும் முடியவில்லை.

திரும்பும்போது விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னலோரம் அவர். மடியில் தாம்பூலப் பை. மண்டபத்தில் ஏன் குனிந்தீர்கள் என்று கேட்டேன். எங்கே குனிந்தேன் என்றார். சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, கடை மாடிக்குச் சரக்கு எடுக்க ஏறும்போது கடையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், எதற்கென்றே தெரியாமல் இருந்தேன், இதற்குத்தானா என்று அவரும் சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் என்னைத் தள்ளிவிட்டது.

"படி என் தப்புங்க," என்றேன். "பீமைக் கணக்குல விட்டுட்டேன். மேஸ்திரி மேல தப்பே இல்ல."

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"மொத நாளே. கடைக்குக் கெளம்பினவன் சாவியை விட்டுட்டேன்னு திரும்பி வந்தேன். டேப்பைப் புடிச்சிக்கினு நின்ன உன் மூஞ்சைப் பாத்தேன்."

ஏன் அப்போதே கேட்கவில்லை என்றேன். நீயே சொல்வாய் என்று இருந்தேன், அப்புறம் மறந்துவிட்டேன் என்றார். அவர் மறந்தாலும் அவர் முதுகு மறக்கவில்லை.

கூட்டேரிப்பட்டு இறங்குகிறவர்கள் முன்னால் வரும்படி நடத்துநர் குரல் கொடுத்தார். மேஸ்திரியின் ஊர். நான் எழுந்துவிட்டேன். டிக்கெட் விழுப்புரம் வரைக்கும் எடுத்திருக்கிறோமே என்று என் கணவர் கேட்டார். கேட்டுக்கொண்டே பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் இறங்கிவிட்டார். நல்ல மனிதர்.

நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடையில் விசாரித்து, பட்டுப்புடவையும் வேட்டியுமாக வெயிலில் நடந்து மேஸ்திரி வீட்டைக் கண்டுபிடித்தோம். அவர் லுங்கியோடு கோழிக்கூண்டுக்குக் கதவு மாட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பதறிப்போய், வீட்டில் ஏதாவது விரிசலா என்றுதான் முதலில் கேட்டார். அவர் மனைவி உள்ளேயிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டு, எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை வேகவைத்து ஒரு தட்டில் வைத்தார்.

பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து வரும்போதே என்ன பேசுவது என்று வரிசையாக மனதில் அடுக்கி வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் அடுக்கியதெல்லாம் தலைகீழாக வந்தது. முருகன் படத்தில் ஆரம்பித்து, கல்யாண மண்டபத்துக்குப் போய், அங்கிருந்து சிமென்ட் காகிதத்துக்கு வந்து, கடைசியில்தான் பீமுக்கு வந்து சேர்ந்தேன். நீங்கள் சொல்ல வந்தீர்கள், நான் விடவில்லை, அப்புறம் உங்கள் மேலேயே பழியும் போட்டுவிட்டேன் என்று முடித்தேன்.

அவர் மல்லாட்டை ஒன்றை உரித்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"அது எனக்குத் தெரியுங்க, டீச்சரம்மா. அன்னிக்கு நான் வாசப்படியாண்டதான் கை கழுவிக்கினு இருந்தேன். காதுல வுழுந்துச்சு."

அவர் மனைவி, அன்றைக்கு வாங்கிவந்த வேட்டியை இவர் இதுவரை கட்டவேயில்லை என்றார். மேஸ்திரி அவரைப் பேசாமல் இருக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். நான் மல்லாட்டைத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் மேஸ்திரி சொன்னதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் எதிர் வீட்டு அக்கா மாடி எடுத்துக் கட்டவேண்டும் என்று அப்போதே இவரிடம் பேசி வைத்திருந்தாராம். எங்கள் புதுமனை புகுவிழாவுக்குப் பிறகு கூப்பிடவே இல்லை. படிக்கு அளவு தெரியாதவரிடம் மாடியை எப்படிக் கொடுப்பது என்று யாரிடமோ சொன்னதும் இவர் காதுக்கு வந்திருக்கிறது. இதைக் கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்து வேலை நின்றுபோனதைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

"எங்கிட்ட சொல்றதுல என்னாங்க இருக்குது? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட சொல்லுங்க."

சரி என்றேன். படியை இப்போது என்ன செய்யலாம் என்று என் கணவர் கேட்டார். மேஸ்திரி, பீமைத் தொடமுடியாது, உள்ளே இருக்கிற படியை எடுத்துவிட்டுத் திறப்பை மூடிவிடலாம், வெளியே கிழக்குப் பக்கம் போட்டுக்கொள்ளலாம் என்றார். "முன்னியே சொன்ன எடந்தாங்க," என்று ஒரே ஒரு தடவை சேர்த்துக்கொண்டார். அது அவருக்குச் சேரவேண்டியதுதான்.

எதிர் வீட்டு அக்கா ஓய்வு பெற்ற நர்ஸ். கணவர் இறந்து, மகன் வெளியூரில் இருக்க, தனியாக இருக்கிறார். ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவர். எங்கள் தெருவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் அவருக்குத்தான் தெரியும். அவர் மூலமாக மற்றவர்களுக்கும் உடனே தெரியும். மறுநாள் சாயங்காலம் ஒரு கொத்துக் கறிவேப்பிலையோடு அவர் வீட்டுக்குப் போனேன். அரை மணி நேரம் கறிவேப்பிலை பற்றியே பேசினேன். காபி ஆறுகிறது, குடியுங்கள் என்று அவர் சொன்ன பிறகு, ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சொல்லிவிட்டேன்.

அவர் நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் ஊசி போடுவதற்கு முன் நரம்பு தேடுகிற மாதிரி என் முகத்தையே பார்த்தார்.

"எங்க கோயில்ல பாவத்தைச் சாமியாரு முன்னாடி முட்டி போட்டுக்கினு சொல்லணும், டீச்சர். நீங்க காபி குடிச்சிக்கினே சொல்லிட்டீங்க," என்றார். "ஆனா ஒண்ணு. சாமியாரு வெளியில சொல்லமாட்டாரு. நான் அப்படிலாம் வாக்கு குடுக்கமாட்டேன்."

வாக்குக் கொடுக்காதது நல்லதாகப் போயிற்று. இரண்டே நாளில் தெருவுக்கே தெரிந்துவிட்டது. நான் வீடு வீடாகப் போய்ச் சொல்லவேண்டிய வேலை மிச்சம். பூக்காரம்மா முழம் போடும்போது, அளவு சரியாக இருக்கிறதா டீச்சர் என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். கணவரின் அண்ணனுக்கு நானே போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என் தலையைப் பற்றிக் கவலையில்லை, அந்த மேஸ்திரியை நான் இன்னும் நாலு பேரிடம் திட்டியிருக்கிறேனே என்றார். அவர்களிடமும் சொல்லிவிடுங்கள் மாமா என்றேன். சொல்லிவிட்டாரா என்று தெரியாது. பெரியவர்களிடம் அதற்குமேல் எப்படி வற்புறுத்துவது? பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர் தன் மண்டைக்கு நஷ்டஈடாக ஸ்டாஃப் ரூம் முழுவதற்கும் போண்டா வாங்கித் தரச் சொன்னார். வாங்கித் தந்தேன்.

நான்கு வருடமாக நான் பயந்துகொண்டிருந்தது இவ்வளவுதானா என்று ஆச்சரியமாக இருந்தது. கணக்கு டீச்சருக்குக் கணக்கு தெரியவில்லை என்று ஊர் சிரிக்கும் என்று பயந்தேன். ஊர் சிரித்தது. சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டது. என் வகுப்பில் ஒரு பெண் மட்டும், மிஸ் நீங்களும் தப்பு போடுவீங்களா என்று நம்பாமல் கேட்டாள். போடுவேன், அதனால்தான் உங்கள் நோட்டில் கண்டுபிடிக்கத் தெரிகிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

மேஸ்திரி அடுத்த மாதமே ஆட்களோடு வந்தார். முருகனைக் கழற்றிப் பூஜை அறையில் மாட்டினோம். உள்ளே இருந்த படியை மெஷின் வைத்து உடைத்தார்கள். மூன்று நாள் வீடு முழுக்கப் புழுதி. தண்ணீர்க் குடத்துக்குத் துணி கட்டி வைத்திருந்தும் குடித்தால் பல்லில் மண் நறநறத்தது. பழைய திறப்பில் கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டு மூடினார். அந்தப் படிக்கட்டு போன பிறகுதான் எங்கள் ஹால் எவ்வளவு பெரியது என்றே தெரிந்தது. கிழக்குச் சந்தில் இருந்த செம்பருத்தி போயிற்று. கறிவேப்பிலையை மட்டும் பிடுங்கிப் பின்பக்கம் நட்டேன். ஒரு மாதம் முறைத்துக்கொண்டு நின்றுவிட்டுப் பிறகு துளிர்த்தது.

வெளிப்படி போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு காலையில் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டார். அன்று சனிக்கிழமை, வீட்டில்தான் இருந்தேன். மேலே கடைசிப் படிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"டீச்சரம்மா, என் அளவுல தப்பு வந்துடுச்சு. கடைசிப் படி ரெண்டு அங்குலம் கூட நிக்குது. எறங்கும்போது காலு தடுக்கும். பிரிச்சிட்டு வேற போட்டுடறேன்."

எனக்கு அது தெரியவே தெரியாது. சொல்லாமல் இருந்திருந்தால் காலம் முழுக்க நான் தடுக்கி விழுந்துவிட்டு என் செருப்பைத் திட்டியிருப்பேன். டீ ஆறிப்போச்சு, வேற குடுங்க என்று கேட்கிற மாதிரி சொன்னார். சொல்லிவிட்டு அவரே உட்கார்ந்து கொத்த ஆரம்பித்தார். நான் அங்கேயே நின்று வேடிக்கை பார்த்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அந்தப் படி இல்லை. சாயங்காலத்துக்குள் சரியான உயரத்தில் வேறொரு படி இருந்தது.

எப்படி உடனே சொல்ல முடிகிறது என்று கேட்டேன். கேட்டது அவருக்கு விநோதமாக இருந்திருக்கும்.

"ஈரத்துல கொத்திட்டா சுலபங்க. காஞ்சிட்டா மெஷினு வெக்கணும், பேஜாரு," என்றார்.

அவர் சிமென்ட்டைத்தான் சொன்னார். நான் உள்ளே போய் எல்லோருக்கும் டீ போட்டேன்.

வெளிப்படியிலும் கஷ்டம் இல்லாமல் இல்லை. மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு மாடிக்கு ஏறவேண்டும். என் அறைக்கு ஒரு புத்தகம் எடுக்கப் போவதென்றால் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது. உள்படியாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை என்று என் கணவரிடம் ஒருநாள் சொன்னேன். அவர் பழைய ஆறாம் படியில் குனிகிற மாதிரி ஒரு தடவை குனிந்து காட்டினார். நான் குடையை எடுத்துக்கொண்டேன்.

இந்த வருடம் எதிர் வீட்டு அக்கா மாடி எடுக்க ஆரம்பித்துவிட்டார். வேலை அதே மேஸ்திரிதான். போன வாரம் அக்கா வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்தார். நான் இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லவேண்டுமாம். என்னிடமா கேட்கிறீர்கள் என்றேன்.

"தப்பு பண்ணி அனுபவம் இருக்கறவங்க இந்தத் தெருவுல நீங்க ஒருத்தர்தான், டீச்சர். மத்தவங்கள்லாம் ஒத்துக்கமாட்டேங்கறாங்க."

ஹாலில் தாளை விரித்தோம். மேஸ்திரியும் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. குளியலறைக் கதவைத் திறந்தால் அலமாரியில் இடிக்கும் என்று நான் கண்டுபிடித்துச் சொன்னேன். மேஸ்திரி தாளைத் தன் பக்கம் திருப்பி, கதவு உள்பக்கம் திறக்கிற மாதிரி வைத்திருப்பதை விரலால் வளைத்துக் காட்டினார். இந்தத் தடவை அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

ஆமாம், நான்தான் தப்பாகப் பார்த்துவிட்டேன் என்றேன். அக்கா சரி என்றார். நாங்கள் சமையலறை ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தோம்.